ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம்: ஓசூர், கிருஷ்ணகிரி எல்லையில் காவல் துறையும் மக்களும்

2021 ஜனவரி 22 அன்று ஓசூர் பாகலூர் சாலையில் இருந்த நகைக் கடன் நிறுவனம் ஒன்றுக்குள் துப்பாக்கியோடு புகுந்த முகமூடிக் கொள்ளையர்கள், சுமார் 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாளே ஹைதராபாத் அருகே பிடிபட்டார்கள். நகைப் பையில் இருந்த ஜி.பி.எஸ். கருவி வழிகாட்டியது உண்மைதான். என்றாலும் தமிழ்நாடு, கர்நாடகம், தெலங்கானா ஆகிய மூன்று மாநிலக் காவலர்களும் ஒரே இரவில் தங்களுக்குள் தகவல் பரிமாறி, வண்டிகளின் போக்கைத் தொடர்ந்து, நெடுஞ்சாலையில் மடக்கியது பாராட்டத்தக்க வேலை. எங்கள் எல்லை, உங்கள் எல்லை என்ற பேச்சு அங்கே எழவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2018 நவம்பரில், அதே ஓசூரிலிருந்து ஓர் இளம் தம்பதி காரில் கடத்தப்பட்டார்கள். சூடகொண்டபள்ளியைச் சேர்ந்தவர்கள், கணவர் தலித், மனைவி ஆதிக்கச் சாதி. சில மாதங்களுக்கு முன்புதான் மணம் முடித்து, ஊரைவிட்டு ஓசூருக்கு வந்து குடியிருந்தார்கள். பெண்ணின் உறவினர்கள் அவர்களைக் கர்நாடகத்துக்குள் கொண்டுபோய்க் கொன்று, கைகால்களைக் கட்டி, சிவனசமுத்திரம் அருகே காவிரியில் வீசினார்கள். உடல்களை மீட்ட பெலகவாடி காவலர்களுக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை. இளைஞரின் பனியனில் இருந்த அம்பேத்கர் படமும் ஊர்ப் பெயரும்தான் விசாரணையைத் தமிழ்நாட்டுப் பக்கம் திருப்பின.

இரண்டு வழக்குகளையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று கேட்கலாம். தங்கப் பையில் கருவி இருந்தது. கொள்ளை நடந்த சிறிது நேரத்தில் தகவல் போனது. கடத்தலோ சில நாள் கழித்துத்தான் புகாராக வந்தது. இந்த வேறுபாடுகளை நான் மறுக்கவில்லை. என் கேள்வியே அங்கிருந்துதான் பிறக்கிறது. நகைக்குக் காவல் வைத்திருப்பவர் ஆபத்து வருமுன்பே ஏற்பாட்டோடு இருக்கிறார். வந்ததும் காவல் நிலையத்தைக் கூப்பிட அவருக்குத் தயக்கமில்லை. சொந்தபந்தமே கொல்லத் தேடும் ஒரு பெண்ணும் பையனும் ஆபத்து வருமுன் போய் நிற்க ஓர் இடம் இருந்ததா? 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய தம்பதிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உத்தரவிட்டது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே நாடு முழுவதற்கும் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்து எட்டு மாதம் ஆகுமுன் இந்தக் கொலை நடந்தது. 2023 மார்ச்சில் கிருஷ்ணகிரி அணைக்கட்டுப் பகுதியில் பட்டப்பகலில், நடுச்சாலையில் ஓர் இளைஞரை மாமனார் தரப்பு வெட்டிச் சாய்த்தது. அடுத்த மாதமே ஊத்தங்கரை அருகே ஒரு தகப்பன் தன் மகனையும், தடுக்க வந்த தன் தாயையும் கொன்றான். தலித் மருமகள் படுகாயத்தோடு உயிர் தப்பினாள். மூன்று சம்பவங்களிலும் கொலை நடந்த பிறகு கைதுகள் விரைவாகவே நடந்தன.

எல்லைப் பகுதிக் காவலின் தரத்தை அது எவ்வளவு வேகமாகத் துரத்துகிறது என்பதை வைத்து மட்டும் அளக்க முடியாது. யார் வந்து சொன்னால் அது துரத்தத் தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒன்றைத்தான் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்க்கிறது.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகரமான கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர். சொந்த எஸ்.பி. அலுவலகத்தைவிடப் பக்கத்து மாநிலத் தலைநகரம் அருகில் இருக்கும் ஊர் இது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் தொடர்ந்தன. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 18,79,809. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. ஆனால் காவல் அமைப்பில் ஓசூர் இன்னும் ஓர் உட்கோட்டம்தான். 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனிக் காவல் ஆணையரகங்கள் ஆனபோது இங்கும் அந்தப் பேச்சு எழுந்தது. ஆணையரகம் வந்தால் ஆள் பலம் கூடும். அதோடு ஆட்சியர் பக்கம் இருக்கும் நிர்வாக நடுவர் அதிகாரமும் காவல் துறையின் கைக்கே போகும். புகார் சொல்லப் போகிறவருக்கு அது நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நிலையங்களின் பெயர்களைச் சொன்னாலே வேலையின் தன்மை விளங்கிவிடும். ஓசூர் டவுன், ஹட்கோ, சிப்காட் மூன்றும் ஆலை, லாரி, வாடகை அறை, சங்கிலிப் பறிப்பு என்று நகரத்துப் பிரச்சினைகளைப் பார்ப்பவை. பாகலூர், பேரிகை, மத்திகிரி எல்லையை ஒட்டியவை. குட்கா அங்கிருந்து இங்கே வரும், மதுப் பாக்கெட் வரும்; ரேஷன் அரிசி இங்கிருந்து அங்கே போகும். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடும் மலையும் யானையும். உத்தனப்பள்ளியும் கெலமங்கலமும் நேற்றுவரை தக்காளி, ரோஜா, கேழ்வரகு விளைந்த ஊர்கள். இன்று கைப்பேசி உதிரிபாக ஆலைகளின் வாசலில் நிற்கின்றன. ஒரே வட்டாரத்துக்குள் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது வீட்டு மொழிகள். ஆலைக் குடியிருப்புகளில் இந்தி, ஒடியா, அசாமியம், வங்காளம். முதல் தகவல் அறிக்கை மட்டும் தமிழில்.

காவல் துறை மக்களிடமிருந்து விலகி நிற்பது இங்கே பழைய கதை. 1792இல் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலைத் திப்புவிடமிருந்து பெற்ற கிழக்கிந்தியக் கும்பினி, அலெக்சாண்டர் ரீடையும் தாமஸ் மன்றோவையும் அனுப்பி வரி வசூலுக்கு நிலத்தை அளந்தது. வரி வசூலிப்பவரிடமே காவல் அதிகாரமும் இருந்த அமைப்பு சென்னை மாகாணம் முழுவதும் பல பத்தாண்டுகள் நடந்தது. அதன் விளைவை 1855இல் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையாகவே எழுதியது: வரி கட்டாத குடியானவரை வெயிலில் குனிய வைத்தார்கள், விரல்களை நசுக்கினார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ள அடித்தார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1859ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டம் பிறந்தது. வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரித்தார்கள். ஆனால் அப்படிப் பிரிந்த காவல் துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் மக்களை வைக்கவில்லை. மேலே இருந்த அரசை வைத்தார்கள். ஏட்டில் அந்தச் சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது.

அண்மைக் கால நினைவுகள் இன்னும் கனமானவை. 1980இல் தருமபுரி, வட ஆர்க்காடு மாவட்டங்களில் நடந்த நக்சலைட் ஒடுக்குமுறை, 2002 நவம்பரில் ஊத்தங்கரையில் நடந்த மோதல், அதையொட்டிப் பொடா சட்டத்தில் சிறுவர்கள்கூடக் கைதானது, வீரப்பன் வேட்டையின்போது காட்டோர ஊர்கள் பட்ட பாடு ஆகியவை ஒவ்வொன்றும் தனி நூல் கோருபவை. எல்லாவற்றுக்கும் மேலாக வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில் அரூர் அருகே அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல், வருவாய் மூன்று துறையினரும் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. 269 அரசு ஊழியர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்களில் 54 பேர் வழக்கு முடியுமுன்பே இறந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அன்றைய ஆட்சியர், எஸ்.பி., வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. சம்பவத்துக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். அந்தப் பெண்களில் பலர் அப்போது இளம் வயதினர். இந்த வட்டாரத்து மலையூர்களில் காக்கிச் சட்டையைக் கண்டதும் வீட்டுக்குள் போகும் ஒரு பாட்டியிடம் போய் ‘காவல் துறை உங்கள் நண்பன்’ என்று சொல்பவருக்கு இந்தத் தேதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லை என்பதால் மட்டும் வரும் வேலை ஒன்று உண்டு. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் மீது வன்முறை வெடித்தது. பிள்ளை குட்டிகளோடு ஓடி வந்தவர்களில் ஏராளமானோர் ஓசூர் வழியாகத்தான் வந்தார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த தனியார் நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் நாற்பதுக்கு மேல் நின்ற இடத்திலேயே எரிந்தபோது, எல்லையின் இந்தப் பக்கம் ஜூஜுவாடியிலும் அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் பேருந்துகள் நின்றுபோயின. மூட்டை முடிச்சுகளோடு மக்கள் இரு சாவடிகளுக்கும் இடையே நடந்தே கடந்தார்கள். அந்த நாட்களில் இரு மாநிலக் காவலர்களும் தங்கள் பக்கத்தில் இருந்த அடுத்த மொழிக்காரர்களைக் காத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஓசூரில் கன்னடம் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். அங்கே எரிந்ததற்கு இங்கே பழிவாங்கல் பெரிய அளவில் நடக்காமல் போனதில் ஊர்ப் பெரியவர்களுக்கு இருக்கும் பங்கு காவலர்களுக்கும் உண்டு. கூட்டத்தைக் கையாளும் வேலை என்றால் இந்தக் காவல் துறைக்குப் பழக்கம் இருக்கிறது.

பழக்கம் இருந்தும் 2023 பிப்ரவரி 2 அன்று கோபசந்திரத்தில் அது கைகொடுக்கவில்லை. சூளகிரி அருகே உள்ள அந்த ஊரில் எருது விடும் விழாவுக்கு மாடுகளும் கூட்டமும் வந்து சேர்ந்த பிறகு அனுமதி இழுபறியானது. மக்கள் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன, கல் பறந்தது, பேருந்துக் கண்ணாடிகள் உடைந்தன, தடியடியும் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீய்ச்சலும் நடந்தன. அன்று கல் எறிந்தவர்களை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. சாலையில் நின்ற வண்டிகளில் நோயாளிகளும் குழந்தைகளும் இருந்திருப்பார்கள். ஆனால் விழாவுக்கு நாள் குறித்து, தட்டி கட்டி, மாட்டுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியதெல்லாம் ஒரே இரவில் நடந்த காரியமா? முந்தின நாளே அனுமதி உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல ஒரு தாசில்தாரும் ஓர் இன்ஸ்பெக்டரும் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்திருந்தால் தடி எடுக்கும் நிலை வந்திராது என்றே நினைக்கிறேன்.

இனி ஆலைப் பெண்களைப் பார்ப்போம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்த மின்னணு ஆலையில் பல்லாயிரம் இளம் பெண்கள் வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், ஜார்க்கண்டு, ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலும் விடுதியில் தங்குபவர்கள். 2025 நவம்பர் தொடக்கத்தில் நாகமங்கலத்தில் உள்ள பெண்கள் விடுதியில் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரிந்ததும் ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். உத்தனப்பள்ளி காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகி, அதே விடுதியில் தங்கியிருந்த வடமாநிலப் பெண் ஒருவரும், பின்னர் அவருடைய ஆண் நண்பரும் கைதானார்கள். ஆட்சியரும் எஸ்.பி.யும் வந்து பேசினார்கள்.

கைது விரைவாக நடந்தது. ஆயினும் அந்தப் பெண்கள் ஏன் நிலையத்துக்குப் போகாமல் தெருவுக்கு வந்தார்கள்? கும்பலாக வந்தால்தான் கேட்பார்கள் என்று இருபது வயதுப் பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். விடுதியில் ஏதாவது நடந்தால் முதலில் வார்டன், பிறகு நிர்வாகத்தின் மனிதவளப் பிரிவு, அதற்குப் பிறகுதான் காவல் நிலையம் என்ற வரிசை இந்தத் தொழிற்பேட்டைகளில் வழக்கமாகிவிட்டது. நிர்வாகத்தோடு நல்ல தொடர்பு வைத்திருப்பதையே காவல் நிலையங்கள் தொழிலாளரோடு தொடர்பு வைத்திருப்பதாகக் கருதுகின்றன. ஆலை வாசலில் பாதுகாப்பு அதிகாரியைத் தெரிந்த சப் இன்ஸ்பெக்டர் உண்டு. விடுதியின் மூன்றாம் மாடியில் எந்தப் பெண்ணுக்காவது தெரிந்த பெண் காவலர் உண்டா? தமிழ்நாடு 1992இல் மகளிர் காவல் நிலையங்களைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டியது. அந்த நிலையங்கள் தாலுகாத் தலைநகரங்களில் இருக்கின்றன. பெண்கள் கூட்டமாக வாழும் இடமோ நாகமங்கலம் போன்ற ஊர்களுக்கு நகர்ந்துவிட்டது. பத்தாயிரம் பெண்கள் தங்கும் இடத்தில் ஒரு புறக்காவல் நிலையம், அதில் இந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த பெண் காவலர் இருவர் என்பது அரசுக்குப் பெரிய செலவாகாது.

வடமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் 2023 மார்ச் ஒரு நல்ல பாடம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீதியில் பலர் ரயிலேறினார்கள். அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவில் பேசி மறுத்தார். மாவட்டக் காவலர்கள் ஆலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் போய் இந்தியில் தைரியம் சொன்னார்கள். உதவி எண்கள் கொடுத்தார்கள். பொய் பரப்பியவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துத் திருப்தியோடு திரும்பியது. நம்பிக்கையை உண்டாக்க வேண்டும் என்று காவல் துறை நினைத்தால் சில நாட்களிலேயே அது முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. வருத்தம் என்னவென்றால், பதற்றம் அடங்கியதும் அந்த வருகைகளும் அடங்கின. அதன் பிறகு வடமாநிலத் தொழிலாளி காவலரைச் சந்திப்பது பெரும்பாலும் ஆதார் நகல் கேட்கும்போது, அல்லது பக்கத்தில் திருட்டு நடந்து சந்தேகத்தில் கூட்டிக்கொண்டு போகும்போது. கூலி பாக்கி, விபத்தில் இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவது, ஒப்பந்தக்காரர் அடித்தது போன்ற அவருடைய உண்மையான குறைகளைச் சொல்ல அவருக்கு மொழியும் இல்லை, ஆளும் இல்லை.

இந்த எல்லைப் பகுதியின் மிகக் கசப்பான செய்தி 2023 ஜூனில் வந்தது. போச்சம்பள்ளி வட்டம் புளியாண்டப்பட்டியைச் சேர்ந்த குறவர் குடும்பத்தினரைத் திருட்டு வழக்கில் ஆந்திரத்தின் சித்தூர் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். காவலில் அடித்துத் துன்புறுத்தியதாகவும் பெண்களிடம் பாலியல் கொடுமை நடந்ததாகவும் அவர்கள் புகார் சொன்னார்கள். உறவினர்கள் கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்திடம் ஓடிய பிறகே விஷயம் வெளியே வந்தது. 1871இல் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் இங்கே ஒழிந்தது. காவல் நிலையங்களின் பழக்கத்தில் அது ஒழியவில்லை. பக்கத்து மாநிலத்தில் நகை காணாமல் போனால் குறவர் குடியிருப்பைத் தேடி வண்டி புறப்படும் வழக்கம் மூன்று மாநிலங்களுக்கும் பொது. நான் மேலே கேட்ட கேள்வி இங்கே தலைகீழாகத் திரும்புகிறது. உதவி கேட்டு வருபவரை எல்லை தடுக்கிறது; அள்ளிக்கொண்டு போக வருபவரை அது தடுப்பதில்லை. வெளிமாநிலக் காவலர்கள் ஒருவரைப் பிடிக்க வந்தால் உள்ளூர் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும், குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். 1996இல் டி.கே. பாசு வழக்கிலேயே கைது விதிகளை உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. அந்த உள்ளூர்ப் பதிவேட்டை முறையாகக் கேட்டு வாங்கும் பொறுப்பு கிருஷ்ணகிரி மாவட்ட நிலையங்களுடையது. தன் ஊர்க்காரரை இன்னொரு மாநிலத்து வண்டி ஏற்றிப் போகும்போது, எங்கே, எந்த வழக்கில் என்று கேட்பது அந்த நிலையத்தின் கடமை. அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையத்தைத்தான் மக்கள் தங்கள் நிலையம் என்று நினைப்பார்கள்.

குழந்தைகள் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எழுதவே கை கூசுகிறது. 2024 ஆகஸ்டில் பர்கூர் பகுதியில் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தியவன் மாணவிகளுக்குச் செய்த கொடுமை வெளிவந்தது. தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள், அரசு ஐ.ஜி. பவானீஸ்வரி தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. 2025 மார்ச்சில் அஞ்செட்டிப் பக்கம் தொட்டமஞ்சு மலையூரைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமியைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் முடித்து, அழ அழத் தூக்கிக்கொண்டு போன வீடியோ பரவிய பிறகே தேன்கனிக்கோட்டை மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. இரண்டிலும் அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. மலையூரில் ஒருவர் தன் உறவுக்காரர் மீது புகார் சொன்னால் அன்றிரவு அவர் அந்த ஊரில்தான் படுக்க வேண்டும். காவலர் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். எல்லை தாண்டிக் கல்யாணம் நடத்தினால் வழக்கு எந்த நிலையம் என்ற குழப்பம் வரும் என்பதும் ஊருக்குத் தெரியும்.

காவலர்களின் பக்கத்தைச் சொல்லாமல் போனால் இந்த ஆய்வு பாதியில் நின்றுவிடும். 2019இல் காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் நாடு முழுவதும் காவலர்களிடம் நடத்திய ஆய்வில் சராசரி வேலை நேரம் ஒரு நாளைக்கு 14 மணி என்று தெரிந்தது. தமிழ்நாடு 2021இல் வார ஓய்வை ஆணையாகவே கொண்டு வந்தது. எல்லை மாவட்டத்தில் தேர்தல், காவிரி, பண்டிகை, முக்கியப் பிரமுகர் வருகை எல்லாம் சேர்ந்து அந்த ஓய்வை விழுங்கிவிடுவதைக் காவலர் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். 2016 ஜூனில் ஓசூர் ஹட்கோ நிலையத்துத் தலைமைக் காவலர் ஒருவர் சங்கிலிப் பறிப்புக் கும்பலைப் பிடிக்கப் போய்க் கத்திக் குத்துப்பட்டு இறந்தார். அரசு அந்தக் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் அறிவித்தது. இறந்த பிறகு கோடி கொடுக்கும் அரசு, உயிரோடு இருப்பவருக்கு எட்டு மணி நேர வேலையும் தூங்க நேரமும் கொடுக்க வேண்டும். தூக்கமில்லாதவர், மேலதிகாரியிடம் வசவு வாங்கியவர், அடுத்த மாதம் எந்த ஊருக்கு மாற்றம் என்று தெரியாதவர்தான் காலையில் மனுவோடு வரும் தேன்கனிக்கோட்டைக் கிழவியிடம் பேச வேண்டியவர். அந்தக் கிழவி கன்னடத்தில் சொல்வார். கேட்கும் காவலர் ஒருவேளை இராமநாதபுரத்துக்காரராக இருப்பார். இதற்கு இருவரில் யாரையும் குறை சொல்ல முடியாது. வட்டார மொழி தெரிந்தவரை அந்த நிலையத்தில் வைக்காத நியமன முறையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

காவலரையும் மக்களையும் சேர்க்கும் திட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. 1993இல் இராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘காவல் துறை நண்பர்கள்’ மாநிலம் முழுவதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது அந்த அமைப்பின் பெயரும் அடிபட்டது. அடுத்த மாதமே அரசு அதற்குத் தடை போட்டது. கேரளத்தில் 2008இல் 20 நிலையங்களில் தொடங்கிய ஜனமைத்ரி வேறு வழியில் போனது. இளைஞர்களுக்கு லத்தி கொடுத்துத் துணைக்கு வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, காவலர் ஒருவரையே ஒரு பகுதிக்குப் பொறுப்பாக்கி வீடு வீடாகப் போகச் சொன்னது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. மக்களில் சிலரைக் காவலராக்கினால் ஊருக்குள் இன்னொரு அதிகாரக் கும்பல் உருவாகும். சாதி பலம் உள்ளவர்தான் அதில் முதலில் சேர்வார்.

தவறு செய்யும் காவலர் மீது புகார் சொல்ல என்ன வழி? 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைமையில் தனிப் புகார் ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டு வந்து, 2019இல் ஆணையம் அமைத்தபோது, மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவராக்கியது, எஸ்.பி. அதில் உறுப்பினர். யார் மீது புகாரோ அவருடைய மேலதிகாரியிடமே அதைக் கொண்டுபோகச் சொல்லும் ஏற்பாடு இது. உச்ச நீதிமன்றம் சொன்னது இது அல்லவே. புளியாண்டப்பட்டிப் பெண்கள் எந்த ஆணையத்தின் கதவைத் தட்டுவார்கள்?

நிலையத்தின் மேசையில் நடப்பதுதான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புகாரோடு போனால் முதலில் கையில் வருவது சி.எஸ்.ஆர். ரசீது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் சி.எஸ்.ஆரோடு நிறுத்தி, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிப்பது வழக்கமாக இருக்கிறது. பேச்சு என்று தொடங்குவது பல இடங்களில் கட்டப் பஞ்சாயத்தாக முடிகிறது. சிறு சச்சரவுகளில் சமாதானம் நல்லதுதான். சாதியும் பணமும் ஒரு பக்கம் இருக்கும்போது அந்தச் சமாதானம் மற்றப் பக்கத்தின் வாயை அடைப்பதாகவே முடியும்.

‘எங்க லிமிட் இல்ல’ என்று திருப்பி அனுப்பும் பழக்கத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. தகவல் தந்தவருக்கு அதை வாசித்துக் காட்டி, பிரதியை இலவசமாகக் கொடுக்கவும் சொல்கிறது. ஓசூர் போன்ற ஊருக்கென்றே எழுதியது போன்ற பிரிவு அது. அத்திப்பள்ளியில் அடிபட்ட ஓசூர்க்காரர் ஓசூரிலேயே புகார் சொல்லலாம். பாகலூரில் ஏமாற்றப்பட்ட சர்ஜாபுரத்துக்காரர் சர்ஜாபுரத்திலேயே சொல்லலாம். அதன் பிறகு அந்தத் தாள் எல்லையைக் கடந்து சரியான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே எண் பெற்று, புகார் கொடுத்தவருக்கு அந்த எண் திரும்பி வர வேண்டும். இரு மொழிகள், இரு கணினி வழக்கங்கள், இரு மேலதிகார வரிசைகள் நடுவே அது காணாமல் போகும் ஆபத்து அதிகம்.

தேர்தல் வந்தால் கிருஷ்ணகிரி, பெங்களூரு ஊரகம், சித்தூர் மாவட்ட அதிகாரிகள் எல்லைக் கூட்டம் நடத்துகிறார்கள். பணம், மது, ரவுடிகள் பட்டியல் அங்கே பேசப்படுகிறது. அதே கூட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்தி, அதில் இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம்: இருபுறமும் காணாமல் போனவர்களின் பட்டியல், அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியல், சாதி மறுத்து மணந்து பாதுகாப்புக் கேட்டவர்களின் பெயர்கள், எல்லை தாண்டி நடத்தப்பட்ட குழந்தைத் திருமணங்கள், எல்லை தாண்டிச் செய்த கைதுகள், போன கூட்டத்துக்குப் பிறகு அனுப்பிய முதல் தகவல் அறிக்கைகளில் எத்தனைக்கு எண் வந்தது என்ற கணக்கு. அந்தக் கணக்கை ஓசூர், அத்திப்பள்ளி, சித்தூர் நிலையங்களின் வாசலில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒட்ட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மூன்று மாவட்டக் கண்காணிப்பாளர்கள் கையெழுத்திட்ட ஒரு பக்க உத்தரவு போதும்.